தத்துவம் படித்தால் சாஃப்ட்வேர் வேலைக்கு என்ன பயன்?

வாசகர் கேள்வி, 5 ஜனவரி 2025

நான்கு வருடமாக பேக்எண்ட் (சர்வர் பக்க சாஃப்ட்வேர்) வேலை பார்க்கிறேன். தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. தத்துவம் சேரலாமா என்று யோசனை. எங்கள் டீம் லீட் அந்தப் பணத்தில் ஒரு கிளவுட் சர்ட்டிஃபிகேட் எடு என்கிறார். தத்துவம் படித்து இந்த வேலையில் யாருக்காவது உண்மையிலேயே பயன்பட்டிருக்கிறதா? சிந்தனை விரியும், மனசுக்கு நல்லது என்ற பதில் வேண்டாம். வேலையில் என்ன மாறியது என்று சொல்லுங்கள்.

5 ஜனவரி 2025, இரவு 11.20

எனக்குப் பயன்பட்டிருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

கடைகளுக்குக் கார்டு பணத்தைப் பட்டுவாடா செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தேன். ராத்திரி 2.15க்கு ஒரு பேட்ச் ஜாப் ஓடும். வங்கியிலிருந்து வரும் ஃபைலை எடுத்து, வரி வரியாகப் படித்து, எந்தக் கடைக்கு எவ்வளவு என்று கணக்கு வைக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அது விழுந்துவிடும். அன்று ராத்திரிப் பொறுப்பில் இருக்கும் ஆன்கால் ஆள் எழுந்து 2.45க்கு மறுபடி ஓட்டினால் சரியாக ஓடிவிடும். டிக்கெட்டில் (பிரச்சினையைப் பதிந்து வைக்கும் குறிப்பில்) எல்லோரும் எழுதிய காரணம் ஒன்றேதான்: இரண்டு மணிக்கு பேக்கப் ஓடுகிறது, டேட்டாபேஸ் மெதுவாகிவிடுகிறது. அதனால் ஜாபை 3 மணிக்கு மாற்றினோம். நின்றுவிட்டது. பாராட்டு மெயில்கூட வந்தது.

எட்டு மாதம் கழித்து, மார்ச் கடைசி வாரத்தில், 3 மணிக்கும் விழ ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில் நான் வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். பஸ்ஸில் சிவஞான சித்தியார் படித்துக்கொண்டிருந்தேன். 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாச்சாரியார் எழுதிய சைவ சித்தாந்த நூல். ஒன்றை அறிவதற்கு என்னென்ன வழி என்ற கேள்வியோடுதான் அந்த நூல் வாதத்தைத் தொடங்குகிறது. அறியும் வழிக்கு அளவை என்று பெயர். ஆறு என்பார்கள், அதற்கு மேலும் சொல்வார்கள், எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். நேரில் கண்டது, கண்டதை வைத்து ஊகித்தது, ஒருவர் சொல்லக் கேட்டது.

மறுநாள் மீட்டிங்கில் போர்டில் கோடு கிழித்து காண்டல், கருதல், உரை என்று மூன்று பத்தி போட்டேன். இந்தப் பிரச்சினை பற்றி நமக்குத் தெரிந்ததை எல்லாம் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லுங்கள், எது எந்தப் பத்தி என்று பிரிப்போம் என்றேன். பதினோரு வாக்கியம் வந்தது. காண்டல் பத்தியில் ஏறியது இரண்டுதான். 'முதல் தடவை விழுந்தது', 'அரை மணி கழித்து ஓட்டினால் ஓடியது'. டேட்டாபேஸ் மெதுவானதை யாருமே பார்த்திருக்கவில்லை. அது கருதல். பேக்கப் 2 மணிக்கு ஓடுகிறது என்பது உரை. சொன்னவர் ஒரு டிபிஏ (டேட்டாபேஸைப் பராமரிப்பவர்), அவர் வேலையை விட்டுப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஷெட்யூலைத் திறந்து பார்த்தோம். பேக்கப் 4.30க்கு ஓடிக்கொண்டிருந்தது. முதல் டிக்கெட் வருவதற்கு முன்பே மாற்றியிருக்கிறார்கள்.

அப்புறம்தான் ஒரு பெண் கேட்டாள், விழுந்த அன்று எடுத்த ஃபைல் இருக்கிறதா என்று. இருந்தது. கடைசி வரி பாதியில் அறுந்திருந்தது. வங்கி ஃபைலை ஏற்றி முடிப்பதற்குள் நம் ஜாப் அதை எடுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். மார்ச் கடைசியில் ஃபைல் பெரிதானதால் 3 மணிக்கும் ஏறி முடியவில்லை.

ஃபைலின் கடைசியில் மொத்த வரி எண்ணிக்கையோடு ஒரு ட்ரெய்லர் வரி உண்டு. அது வந்திருக்கிறதா, எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே எடு என்று எழுதினோம். மொத்தம் பன்னிரண்டு வரி கோட்.

6 ஜனவரி, காலை

நேற்று எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன். எட்டு மாதம் நாங்கள் சொன்னது பலித்ததே, அதை என்னவென்று சொல்வது?

'3 மணிக்கு மாற்றினால் நாளையிலிருந்து விழாது' என்று நம்பினோம். நம்பக் காரணம் இருந்தது. விழவும் இல்லை. அப்படியானால் அது எங்களுக்குத் தெரிந்திருந்தது என்று சொல்லலாமா? 1963இல் எட்மண்ட் கெட்டியர் என்ற தத்துவவாதி மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். நம்பிக்கை உண்மையாக இருந்து, அதற்கு நியாயமான காரணமும் இருந்தால்கூட அது அறிவு ஆகிவிடாது என்று இரண்டு உதாரணத்தில் காட்டினார். அன்றிலிருந்து அதற்குப் பதில் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

அவருக்கு ஆயிரத்து இருநூறு வருடம் முன்பே, 8ஆம் நூற்றாண்டில், தர்மோத்தரர் என்ற பௌத்த அறிஞர் இதே முடிச்சைப் போட்டிருக்கிறார். இறைச்சி சுட இப்போதுதான் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். புகை இன்னும் எழவில்லை. மேலே பூச்சிக்கூட்டம் மொய்க்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவன் அதைப் புகை என்று நினைத்து, அங்கே நெருப்பு இருக்கிறது என்கிறான். நெருப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவனுக்கு அது தெரியுமா?

அந்த எட்டு மாதமும் நாங்கள் தூரத்தில் நின்று பூச்சியைப் பார்த்தவர்கள். இதைப் படித்த பிறகு 'ஃபிக்ஸ் வேலை செய்தது' என்ற ஒரு காரணத்துக்காக நான் டிக்கெட்டை மூடுவதில்லை. ஏன் வேலை செய்தது என்று எழுதினால்தான் மூடுவேன். டீமில் முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது அவர்களே மற்றவர் டிக்கெட்டில் கேட்கிறார்கள்.

6 ஜனவரி, மாலை

'இது காமன்சென்ஸ்தானே, இதற்கு எதற்கு சித்தியார்' என்று ஒருவர்.

சரியான கேள்வி. அந்தக் கம்பெனியில் பிழை கண்டுபிடிப்பதில் எல்லோரையும் மிஞ்சியவர் ஒரு அக்கா. தத்துவம் ஒரு வரி படித்தவர் இல்லை. யார் என்ன சொன்னாலும் 'நீ பாத்தியா?' என்று கேட்பார். அவ்வளவுதான் அவர் வித்தை. ஆகவே தத்துவம் படித்தால்தான் இது வரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர் கேட்டால் பலருக்குச் சுருக்கென்றிருக்கும். தன்னை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பேர் அவரோடு பேசுவதையே நிறுத்தினார்கள். போர்டில் மூன்று பத்தி போட்டபோது அது நடக்கவில்லை. 'இது உரைப் பத்தியில் போகும்' என்று சொன்னால் யாரும் பொய் சொன்னதாக ஆகாது. வாக்கியத்தைத்தான் சந்தேகிக்கிறோம், ஆளை இல்லை. ஒன்றுக்குப் பெயர் கிடைத்துவிட்டால் அதைப் புதிதாக வந்த பையனுக்கும் சொல்லித்தரலாம், மேனேஜரிடமும் கேட்கலாம். அக்காவின் வித்தை அக்காவோடு போய்விட்டது. பத்தி போடும் பழக்கம் அந்த டீமில் இன்னும் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். (இதுவும் உரைதான், நான் போய்ப் பார்க்கவில்லை.)

8 ஜனவரி

'கம்ப்யூட்டருக்குத் தத்துவம் எதுவுமே தந்ததில்லை, எல்லாம் கணக்கும் இயற்பியலும்' என்று எழுதியவருக்கு.

ஜார்ஜ் பூல் 1854இல் எழுதிய நூலின் பெயரே சிந்தனையின் விதிகள். மனிதன் எப்படி நியாயம் பேசுகிறான் என்பதை இயற்கணிதமாக எழுதிப் பார்த்தார். கிட்டத்தட்ட எண்பது வருடம் அதற்குப் பொறியியலில் வேலை இல்லை. மிஷிகன் பல்கலைக்கழகத்தில் கிளாட் ஷானன் தத்துவத் துறை வகுப்பு ஒன்றில் பூலின் தர்க்கத்தைக் கற்றார். பிறகு எம்.ஐ.டி.யில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சுற்றுகளைப் பார்த்தபோது, மூடியது திறந்தது என்ற இரண்டே நிலையில் அந்தத் தர்க்கம் அப்படியே உட்கார்வது அவருக்குத் தெரிந்தது. 1937இல் அதை முதுகலை ஆய்வேடாகக் கொடுத்தார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது ஆர்தர் பிரையரின் கதை. நியூசிலாந்துத் தத்துவவாதி. 'நாளை ஒரு கடற்போர் நடக்கும்' என்று இன்று சொன்னால், அந்த வாக்கியம் இன்றே உண்மையா பொய்யா? இன்றே உண்மை என்றால் நாளைய போரை யாராலும் தடுக்க முடியாதா? அரிஸ்டாட்டில் எழுப்பிய கேள்வி இது. விதியா, நம் கையில் இருக்கிறதா என்ற பழைய சண்டை. அதற்காக பிரையர் காலத்தைக் குறிக்கும் குறியீடுகளோடு ஒரு தர்க்கத்தை உருவாக்கி 1957இல் நூலாக வெளியிட்டார். இருபது வருடம் கழித்து, 1977இல், கணினி அறிஞர் அமீர் பினூயெலி அந்த வகைத் தர்க்கத்தை எடுத்து, ஓடிக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள் ஒழுங்காக நடக்குமா என்று நிரூபிக்கப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். 1996இல் அவருக்குக் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது. இன்று சிப் வடிவமைப்பைச் சரிபார்ப்பதில் அதன் வழிவந்த முறைகள் அன்றாட வேலை.

இதில் என் அன்றாட லாபம்: 'எப்போதும்', 'என்றாவது' என்ற இரண்டு சொல்லையும் பிரித்துக் கேட்கக் கற்றது. 'ரிக்வெஸ்ட் போனால் பதில் வரும்' என்று ரிக்வயர்மெண்டில் எழுதுகிறார்கள். என்றாவது வருமா, இவ்வளவு நேரத்துக்குள் வருமா? ஒரு தடவை வந்த பிறகு மறுபடி வரலாமா? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல்தான் ஒருவருக்கு இரண்டு முறை பணம் போகிறது.

9 ஜனவரி

நேற்றைய குறிப்பை மறுபடி படித்தேன். திருப்தி இல்லை. கடைசிப் பத்தியைத் தவிர மற்றது எல்லாம் கம்ப்யூட்டர் துறை தத்துவத்துக்குப் பட்ட கடன். கேட்டவர் கேட்டது அதை இல்லை. தாத்தா விவசாயி என்பதால் எனக்கு நாற்று நடத் தெரிந்துவிடாது. பூலைப் படிக்காமலே ஒருவர் நன்றாக 'இஃப்' எழுதலாம், எழுதுகிறார்கள்.

அதேபோல, ஆபீஸ் அரட்டைச் செயலியான ஸ்லாக்கைத் தொடங்கிய ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் தத்துவம் படித்தவர், லிங்க்ட்இன் ரீட் ஹாஃப்மனும் படித்தவர் என்று இங்கே இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அதிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது. தத்துவம் படித்துவிட்டுக் கம்பெனி தொடங்கித் தோற்றவர்களை யாரும் எண்ணவில்லை. தத்துவத்துக்கு வக்காலத்து வாங்கும்போது அது சொல்லித்தரும் முதல் பாடத்தையே விட்டுவிடக் கூடாது. அந்த உதாரணங்களை இழுக்க வேண்டாம்.

11 ஜனவரி

'நல்ல டெஸ்ட் எழுதினால் போதும், அறிவு என்றால் என்ன என்று எதற்குக் கேட்க வேண்டும்' என்பவருக்கு. இது நீளமாகப் போகும்.

தெராக்-25 என்று ஒரு கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம். கனடாவின் அரசு நிறுவனமான ஏ.இ.சி.எல். செய்தது. 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளிகள் மேல் அளவுக்கு மீறிக் கதிர்வீச்சு பாய்ந்தது. சிலர் இறந்தார்கள். நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993இல் எழுதிய ஆய்வில் எல்லாம் இருக்கிறது. நம் வேலையில் இருப்பவர்கள் ஒருமுறையாவது பொறுமையாகப் படிக்க வேண்டியது.

1985 ஜூலையில் ஹாமில்டன் நகரத்தில் ஒரு விபத்து. தயாரிப்பாளர்கள் வந்து பார்த்தார்கள். அதை மறுபடி நிகழ்த்திக் காட்ட அவர்களால் முடியவில்லை. ஒரு மைக்ரோசுவிட்ச் மேல் சந்தேகம் வந்தது, அதைத் திருத்தினார்கள். அப்புறம், பாதுகாப்பு குறைந்தது ஒரு லட்சம் மடங்கு கூடியிருக்கிறது என்று அறிவித்தார்கள்.

கோளாறைக் கண்ணால் பார்க்கவே இல்லை. பிறகு அந்த ஒரு லட்சம் எங்கிருந்து வந்தது? கருதலிலிருந்து. அந்தக் கருதலுக்கு அடியிலும் ஒரு கருதல். எண் போட்டுவிட்டால் மட்டும் ஊகம் காட்சியாகிவிடுமா?

1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலம் டைலர் நகரத்தில் அடுத்தது, ஏப்ரலில் அதே இடத்தில் இன்னொன்று. இரண்டிலும் திரையில் வந்தது 'மால்ஃபங்ஷன் 54' என்ற ஒரு வரி. அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் ஆபரேட்டரை உட்கார வைத்து, அன்று எப்படித் தட்டினாயோ அப்படியே தட்டு என்றார். திரும்பத் திரும்ப. ஆபரேட்டர் வேகமானவர். எலக்ட்ரானுக்குப் பதில் எக்ஸ்ரே என்று தவறாகப் போட்டுவிட்டு, மேலே போய் அதைத் திருத்தி, சட்டென்று கீழே வந்துவிடுவார். காந்தங்கள் நிலைக்கு வர எடுக்கும் எட்டு நொடிக்குள் இந்தத் திருத்தம் நடந்தால் இயந்திரம் அதைக் கவனிக்காது. ஒருவழியாக நினைத்தபோதெல்லாம் 54ஐ வரவைக்கும் அளவுக்குப் பழகிவிட்டார்கள். அதுதான் காண்டல். தயாரிப்பாளர்களின் டெஸ்டில் அது வராமல் போனதற்குக் காரணம், அவர்கள் மெதுவாகத் தட்டினார்கள்.

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. முந்தைய மாடலான தெராக்-20இன் கோடிலும் இதே பிழை இருந்தது. அதில் தனியாக மின்சுற்றுப் பாதுகாப்பு இருந்ததால் ஃபியூஸ் போகும், யாருக்கும் அடிபடாது. 25இல் அந்தத் தனிப் பாதுகாப்பை எடுத்துவிட்டு வேலையை சாஃப்ட்வேரிடம் ஒப்படைத்தார்கள். இத்தனை வருடம் ஒழுங்காக ஓடிய கோட் ஆயிற்றே. நேற்றுவரை சூரியன் உதித்தது என்பதால் நாளையும் உதிக்கும் என்று சொல்ல என்ன ஆதாரம் என்று டேவிட் ஹியூம் என்ற தத்துவவாதி 18ஆம் நூற்றாண்டில் கேட்டதை வறட்டுக் கேள்வி என்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஓடியது என்பதற்கும் சரியாக இருக்கிறது என்பதற்கும் நடுவில் ஒரு ஃபியூஸ்தான் இருந்தது.

கார்ல் பாப்பர் என்ற தத்துவவாதி 1934இல் வைத்த அளவுகோல்: ஒரு கூற்று அறிவியல் ஆக வேண்டுமென்றால், எது நடந்தால் அது பொய்யாகும் என்று சொல்ல முடிய வேண்டும். கோட் ரிவ்யூவில் (மற்றவர் எழுதிய கோடைச் சரிபார்க்கும்போது) நான் கேட்பதும் இதுதான். 'இந்த ஃபிக்ஸ் தப்பு என்றால் எதைப் பார்ப்போம்? எங்கே பார்ப்போம்?' பதில் இல்லை என்றால் அந்த ஃபிக்ஸ் இன்னும் முடியவில்லை. டெஸ்டால் பிழை இருப்பதைக் காட்டலாம், இல்லாததைக் காட்ட முடியாது என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா சொன்னதும் இந்தக் குடும்பத்துப் பேச்சுதான்.

ஆக, டெஸ்ட் எழுதுங்கள். எந்த டெஸ்ட் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் மற்றது.

14 ஜனவரி, பொங்கல்

பொங்கல் பொங்கியாயிற்று. கரும்பு கடித்துக்கொண்டே ஒரு சின்னக் குறிப்பு.

ஒரு மருத்துவமனை சாஃப்ட்வேரில் ஒரே ஆளுக்கு மூன்று ரெக்கார்ட் இருந்தது. கே. முருகன், முருகன் கே, முருகன் கந்தசாமி. படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம். நம் ஊரில் பலருக்கு அது கிடையாது. இனிஷியலை முன்னால் போடுவார்கள், பின்னால் போடுவார்கள், அப்பா பெயரை முழுசாக எழுதுவார்கள். மருந்து ஒவ்வாமை ஒரு ரெக்கார்டில், ரத்த வகை இன்னொன்றில்.

ஃப்ரெகே என்ற ஜெர்மன் தத்துவவாதி 1892இல் எழுதிய கட்டுரையில் ஒரு உதாரணம் வரும். விடிவெள்ளியும் மாலையில் தெரியும் வெள்ளியும் ஒரே கோள். ஆனால் 'விடிவெள்ளிதான் மாலை வெள்ளி' என்பது வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய சேதி. குறிக்கும் பொருள் ஒன்று, அதை அடையும் வழி வேறு. இது தெரிந்திருந்தால் அந்த டேபிளை வடிவமைத்தவர் பெயரை ஆளாக நினைத்திருக்க மாட்டார். நாங்கள் செய்தது: ஆளுக்கு ஒரு எண், பெயர்கள் எத்தனை வேண்டுமானாலும் அதோடு ஒட்டிக்கொள்ளலாம், இரண்டு எண் ஒரே ஆள் என்று பின்னால் தெரிந்தால் யார் எப்போது எதை வைத்து அப்படி முடிவு செய்தார் என்பதோடு இணைக்கலாம், பிரிக்கவும் செய்யலாம். பிரிக்கும் வசதியை எதற்கு என்று கேட்டார்கள். முதல் மாதமே அப்பா மகன் இருவரை ஒன்றாக்கிவிட்டிருந்ததைப் பிரிக்க வேண்டி வந்தது.

15 ஜனவரி

ஒரு திருத்தம். சித்தாந்த வகுப்புக்குப் போகும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: சித்தியாரில் உரை என்றால் ஆகமம். இறைவன் வாக்கு. அதைக் கொண்டுபோய் ஆபீசில் யாரோ சொன்னதோடு வைக்கலாமா?

அவர் சொல்வது சரி. அங்கே உரை என்பது காட்சியும் ஊகமும் எட்டாத இடத்தை அறியும் வழி. நான் சொல்லை எடுத்துக்கொண்டு அதன் உயரத்தைக் குறைத்துவிட்டேன். நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபின் நூல்களில் சப்தம் என்பது நம்பத்தக்கவர் சொல், ஆப்தர் வாக்கு. என் பயன்பாடு அதற்குத்தான் பக்கம். எத்தனை அளவை என்பதிலேயே பழையவர்களுக்குள் உடன்பாடு கிடையாது. மணிமேகலையின் 27ஆம் காதையில் வேதவியாதன் பத்து, கிருதகோடி எட்டு, சைமினி ஆறு என்று கணக்கே வருகிறது.

ஆனால் இந்தத் திருத்தத்தால் எனக்கு ஒரு நல்ல கேள்வி கிடைத்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை. லாக் வரி, அதாவது புரோகிராம் ஓடும்போது எழுதிவைக்கும் குறிப்பு, எந்தப் பத்தி?

இத்தனை நாள் அதைக் காண்டல் என்று போட்டுவந்தேன். யோசித்தால் அது உரை. 'ஃபைல் வெற்றிகரமாக ஏற்றப்பட்டது' என்று ஒரு மனிதர் எழுதி வைத்திருக்கிறார். ஏற்றிய பிறகு அந்த வரி அச்சாகிறதா, ஏற்றுவதற்கு முன்பே அச்சாகிறதா? காலையில் போய் எங்கள் இப்போதைய கோடில் தேடினேன். ஒரு இடத்தில் கமிட்டுக்கு (டேட்டாபேஸில் நிரந்தரமாகப் பதிவதற்கு) முன்பே 'சக்சஸ்' அச்சாகிறது. கமிட் தோற்றாலும் லாக் வெற்றி என்றுதான் சொல்லும். அந்த லாக் வரி சொன்னதை மூன்று வருடமாக ஆப்த வாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறோம். மாற்றிவிட்டேன்.

இந்த இழையில் எழுத உட்கார்ந்ததால் கிடைத்த பிழை இது. கேள்வி கேட்டவருக்கும் திருத்தியவருக்கும் நன்றி.

18 ஜனவரி

கேடி (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) பற்றி யாரும் எழுதாதது ஆச்சரியம். ஒரு குடோன் சாஃப்ட்வேரை வேறொரு டீமிடமிருந்து வாங்கினோம். ஆறு வாரம் கேடி, நாற்பது மணி நேர ரெக்கார்டிங், எண்பது பக்க ஆவணம். கோடில் ஒரு இடத்தில் ஏழு நொடி சும்மா நில் என்று ஒரு வரி. ஆவணத்திலும் 'இங்கே ஏழு நொடி நிற்கும்' என்று இருந்தது. எதற்கு என்று இல்லை. எடுத்துவிட்டோம். இரண்டாம் நாள் குடோனில் பாதி லேபிள் வெள்ளையாக வந்தது. பழைய டீமில் இருந்தவரைத் தேடிப்பிடித்துக் கேட்டால், 'ஓ, அந்தக் கடைசி ரேக் பிரிண்டர் பழசு, சூடாகணும்ல' என்றார்.

கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைத்தான் பேசுகிறது. புரோகிராம் என்பது கோடும் ஆவணமும் அல்ல, எழுதியவர்கள் தலையில் இருக்கும் கோட்பாடு என்கிறார். அவர் கடன் வாங்கியது கில்பர்ட் ரைல் என்ற தத்துவவாதியிடம். இன்னது என்று தெரிவது வேறு, எப்படி என்று தெரிவது வேறு என்று ரைல் 1949இல் பிரித்தார். நீச்சல் பற்றி எவ்வளவு எழுதினாலும் படித்தவன் மிதக்க மாட்டான். இதை ஏற்றுக்கொண்ட பிறகு நான் கேடியில் ரெக்கார்டிங் கேட்பதில்லை. பழைய ஆள் பக்கத்தில் இருக்க, நான் இரண்டு மாற்றம் செய்கிறேன், அவர் எங்கே பதறுகிறார் என்று பார்க்கிறேன். அந்த ஏழு நொடியை நான் தொடப் போயிருந்தால் அவர் கையைப் பிடித்திருப்பார்.

19 ஜனவரி

அறம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. பயண டிக்கெட் விற்கும் பக்கத்தில் காப்பீட்டுப் பெட்டியை முன்கூட்டியே டிக் செய்து வைக்கச் சொன்னார்கள். டிக் இருந்தால் வாங்குகிறவர்கள் கூடுகிறார்கள் என்று கிராஃப் காட்டினார்கள். கூடுகிறார்கள் என்பது இருப்பது. வைக்க வேண்டும் என்பது செய்ய வேண்டியது. முதலாவதிலிருந்து இரண்டாவது தானாக வந்துவிடாது, நடுவில் ஒரு வாக்கியம் விடுபட்டிருக்கிறது, அதை யாராவது வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றேன். இதுவும் ஹியூம் சுட்டியதுதான். 'கவனிக்காதவரிடம் பணம் வாங்கலாம்' என்பதுதான் அந்த வாக்கியம். யாரும் சொல்லவில்லை. ஆனால் பெட்டி டிக்கோடுதான் போயிற்று. வாதம் சரியாக இருந்தும் தோற்றேன். அந்த டீமை விட்டு மாறினேன்.

20 ஜனவரி

எம்.ஏ.வா, சர்ட்டிஃபிகேட்டா என்ற நேர்க் கேள்விக்கு இத்தனை நாள் பதில் சொல்லவில்லை. இன்று கையில் இருக்கும் வேலைக்கு கிளவுட் தெரிய வேண்டும் என்றால் அதை முதலில் முடியுங்கள், மூன்று மாத வேலை. எம்.ஏ. பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். அறிவு எப்படி வருகிறது, தர்க்கம், மொழி இந்த மூன்றும் இருந்தால் சேருங்கள். தத்துவவாதிகளின் பெயரும் வருடமும் ஒப்பிக்கும் படிப்பு என்றால் வேண்டாம். கூடப் படிப்பவர்களோடு வாதம் செய்ய இடம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். தனியாகப் படித்தால் நம் தப்பை நாமே கண்டுபிடிப்பது கஷ்டம். 15ஆம் தேதி எனக்கு நடந்ததைப் பார்த்தீர்களே.

இதற்கிடையில், உங்கள் டீமில் இப்போது திறந்திருக்கும் பழைய பக் ஒன்றை எடுத்து மூன்று பத்தி போட்டுப் பாருங்கள்.

23 ஜனவரி

போட்டுப் பார்த்து இங்கே ஒட்டியதற்கு மகிழ்ச்சி. ஒன்பது வரியில் மூன்று காண்டல், நல்ல விகிதம்தான். ஆனால் மூன்றாவதைப் பாருங்கள். 'சர்வர் மெமரி 60 சதவீதம் தாண்டவில்லை, டாஷ்போர்டில் பார்த்தேன்.'

அந்த டாஷ்போர்டு ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை நிமிட சராசரி காட்டுகிறது? ஐந்து நிமிடம் என்றால், நான்கரை நிமிடம் 55இல் இருந்து அரை நிமிடம் 99க்கு ஏறி இறங்கினாலும் உங்களுக்கு 60க்குக் கீழேதான் தெரியும். சித்தியாரில் காண்டலுக்கே நிபந்தனை போட்டிருக்கிறது: ஐயமும் திரிபும் இல்லாத காட்சியாக இருக்க வேண்டும். சராசரி என்பது ஏற்கெனவே ஒருவர் ஊகித்துக் கொடுத்தது. அதைக் கருதல் பத்திக்கு மாற்றுங்கள். உங்கள் சர்வீஸ் ராத்திரியில் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்கிறீர்கள், மெமரி தீர்ந்து கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதைக் கொன்றிருந்தால் கர்னல் லாக்கில் அதற்கு ஒரு வரி இருக்கும். அந்த நேரத்துக்கு நேராக இருக்கிறதா என்று தேடுங்கள். நொடிக்கு நொடி மெமரி பதிவு செய்ய ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இன்று ராத்திரியே ஓடட்டும்.

காலையில் என்ன இருந்தது என்று எழுதுங்கள்.